கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளுக்குக் கிரேடிங் செய்வது செலவுக்குத் தகுமா?

சாண்டியாகோக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சாண்டியாகோவில் வசிக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்றாலும், இங்கே வந்த பிறகு அலுவலக நண்பர்களின் புண்ணியத்தில் பேஸ்பால் பைத்தியமும் சேர்ந்துகொண்டது. என்னிடம் கையெழுத்திட்ட பந்துகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் உங்களிடம் ஆலோசனை கேட்க வந்திருக்கிறேன்.

முதல் பந்து, எங்கள் ஊர் படேரஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டோனி க்வின் கையெழுத்திட்டது. 2001 மார்ச் மாதம், அதுதான் அவர் ஆடும் கடைசி ஆண்டாக இருக்கப்போகிறது என்று தெரியாமலே, ஒரு நண்பருடன் அரிசோனாவில் உள்ள பியோரியாவுக்குக் காரில் போயிருந்தேன். படேரஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சி அங்கேதான் நடக்கும். பயிற்சி முடிந்து வேலியோரமாக வந்தவர், எனக்கு முன்னால் நின்ற சிறுவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த நீல பால்பாயிண்ட் பேனாவை வாங்கிப் பந்தில் கையெழுத்திட்டு, பேனாவையும் மறக்காமல் திருப்பிக் கொடுத்தார். பந்தைக் கடையில் புதிதாக வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். அதற்குச் சான்றிதழ், புகைப்படம் எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டாவது பந்து, நியூயார்க் யாங்கீஸ் அணியின் பழம்பெரும் ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோ கையெழுத்திட்டது. இதை நான் நேரில் வாங்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் காலமான பிறகு அவர் வீட்டுப் பொருள்களை விற்றபோது 350 டாலர் கொடுத்து வாங்கினேன். தங்க நிற முத்திரை ஒட்டிய ஒரு சான்றிதழும் அதனுடன் வந்தது. அதை வழங்கிய நிறுவனம் இப்போது இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டையும், கையெழுத்துகளைச் சோதித்துச் சான்று தரும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய நிறுவனங்களில் ஏதேனும் ஒன்றுக்கு அனுப்பிக் கிரேடிங் செய்துவிட்டால் மதிப்பு இரட்டிப்பாகும் என்று என் மகன் சொல்கிறான். அலுவலக நண்பரோ அது வீண் செலவு என்கிறார். இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் அறுபதை நெருங்குகிறேன். எனக்குப் பிறகு பிள்ளைகள் இவற்றை வைத்துக்கொண்டு திண்டாடக் கூடாது என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழம்பந்து (நியூ ஜெர்சி)

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளாக ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட பந்துகளைச் சேர்த்து வருகிறேன். என் பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேடிங் என்ற ஒரே சொல்லால் நீங்கள் இரண்டு வேறு வேலைகளைக் குறிப்பிடுகிறீர்கள். கையெழுத்து அந்த ஆட்டக்காரருடையதுதானா என்று பார்த்துச் சொல்வது ஒரு வேலை. அதை நாங்கள் சான்று என்போம். அவருடையதுதான் என்று முடிவான பிறகு, மை அடர்த்தியாக இருக்கிறதா, பேனா எங்கும் தடுக்காமல் ஓடியிருக்கிறதா, எழுத்து தையலில் ஏறியிருக்கிறதா, தோல் எவ்வளவு வெளுப்பாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவது இன்னொரு வேலை. கிரேடிங் என்பது இதுதான். 10 வாங்கிய கையெழுத்து, 6 வாங்கிய கையெழுத்தைவிடக் கூடுதலாக உண்மையானது என்று பொருளல்ல. அதன் மை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வேலைகளுக்கும் கட்டணம் தனித்தனி என்பதையும், கட்டணம் பெரும்பாலும் கையெழுத்திட்டவரின் புகழைப் பொறுத்து ஏறும் என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

க்வின் பந்தின் கணக்கைப் பார்ப்போம். படேரஸ் அணிக்காக மட்டுமே 1982 முதல் 2001 வரை ஆடி, 3,141 ஹிட்டுகளும் எட்டு பேட்டிங் பட்டங்களும் பெற்ற அவரை உங்கள் ஊரில் தெய்வமாகக் கொண்டாடுவார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் சந்தை பக்தியைப் பார்ப்பதில்லை. அவர் கேட்டவருக்கெல்லாம் மனமுவந்து கையெழுத்திட்டவர். அதனால் பந்துகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் பார்த்த விற்பனைகளில் சான்றுள்ள பந்து 100 முதல் 200 டாலருக்குள்தான் போயிருக்கிறது. நான் இதுவரை அனுப்பியவற்றில் சான்றுக் கட்டணம், போக வரத் தபால் செலவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து ஒரு பந்துக்கு 70, 80 டாலர் ஆகிவிட்டது. கிரேடிங்கும் வேண்டுமென்றால் அதற்கு மேல். விற்காமல் அலமாரியில் வைக்கப்போகும் பந்துக்கு இந்தச் செலவு எதற்கு? உங்கள் கண்ணெதிரே போட்ட கையெழுத்தை அவருடையதுதான் என்று இன்னொருவர் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. சான்று என்பது, வாங்கப்போகும் அந்நியருக்காக விற்பவர் செய்யும் செலவு.

அந்த அந்நியர் ஏன் சான்று கேட்கிறார் என்பதற்கான காரணமும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1990களில் எஃப்பிஐயின் சாண்டியாகோ அலுவலகம் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தியது. தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்கப்படுவதைக் கண்டு சொன்னவர்களில் க்வினும் ஒருவர். 1999 அக்டோபரில் நடந்த சோதனைகளில் மலைபோல் போலிகள் பிடிபட்டன. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூட அவற்றில் இருந்தது. அன்னை தெரசா ஏன் பேஸ்பாலில் கையெழுத்திடப் போகிறார் என்று வாங்குபவர் எவரும் யோசிக்கவில்லை! புதுப் பந்தில் அரக்கு பூசிப் பழையதாகக் காட்டும் வித்தை வரை அந்தக் கும்பலுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு: அவற்றில் பெரும்பாலானவை சான்றிதழோடுதான் விற்பனையாயின. தங்க முத்திரை ஒட்டிய காகிதத்தை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம்.

அந்த வழக்குக்குப் பிறகுதான் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் 2001இல் தன் சொந்தச் சான்று முறையைத் தொடங்கியது. பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள் மைதானத்திலேயே இருந்து, தாங்கள் கண்ணால் பார்த்தவற்றுக்கு மட்டும் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுவார்கள். பார்க்காத எதற்கும், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ஒட்ட மாட்டார்கள். அது சாட்சி. பிஎஸ்ஏவும் ஜேஎஸ்ஏவும் பிற்பாடு பார்த்துத் தருவது நிபுணரின் கருத்து. என் கணிப்பில் அந்தக் கருத்து பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இருந்தாலும் சாட்சியும் கருத்தும் ஒன்றல்ல.

டிமாஜியோ பந்தின் கதை வேறு. அது உண்மையானால் சான்றுக்குச் செலவழிப்பது தகும். அதை நீங்கள் நேரில் வாங்கவில்லை என்பதால் உங்களுக்கே அந்தச் சான்று தேவை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். பந்தைக் கையெழுத்துப் பக்கம் பார்க்காமல், அச்சிட்ட முத்திரை இருக்கும் பக்கம் திருப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் பெயர் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

அட்டைப்பெட்டி (டல்லாஸ்)

பழம்பந்து அண்ணா பந்துகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கிரேடிங்கே வீண் என்று படிப்பவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் தரப்பைச் சொல்கிறேன்.

கையெழுத்திட்ட அட்டையில் மதிப்பெண் உண்மையிலேயே விலையை மாற்றுகிறது. டாப்ஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட வரிசையில் 482ஆம் எண்ணுள்ள க்வினின் அறிமுக அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட பிரதிகள் நிறைய இருந்தாலும், அட்டைக்கு ஒரு மதிப்பெண்ணும் கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண்ணுமாக இரண்டும் உயர்ந்த பிரதி குறைவு. வாங்குபவர் இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார். மூலை மழுங்கியிருக்கிறதா, மை வழுக்கியிருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. அந்த இடத்தில் மதிப்பெண் ஒரு பொது மொழியாகப் பயன்படுகிறது. போதாததற்கு, யாருடைய தொகுப்பு உயர்ந்தது என்று வரிசைப்படுத்தும் பிஎஸ்ஏவின் பதிவேட்டில் முதலிடம் பிடிக்க ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறார்கள். 9க்கும் 10க்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கு இரு மடங்கு பணம் கொடுப்பவர்கள் இவர்களே. நானும் கொடுத்திருக்கிறேன், என் மனைவிக்கு இது தெரியாது.

இன்னொரு முக்கிய வேறுபாடு உண்டு. கிரேடிங் செய்த அட்டையை ஸ்லாப் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடிவிடுகிறார்கள். மதிப்பெண் போட்ட நாளில் இருந்த அட்டைதான் உள்ளே இருக்கிறது. பந்து அப்படியில்லை. பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கரும் ஒரு கடிதமும் கொடுத்துவிட்டுப் பந்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு அதை நீங்கள் சன்னலோரம் வைத்தால், நீல மை வெயிலில் வெளுத்து, தோல் மஞ்சளாகி, 9 என்று கடிதத்தில் இருக்கும் பந்து ஐந்தாறு ஆண்டில் 6 ஆகிவிடும். கடிதமோ என்றைக்கும் 9 என்றுதான் சொல்லும். ஆகவே அட்டைக்குக் கிரேடிங், பந்துக்குச் சான்று மட்டும் என்பது என் வழக்கம். பேஸ்பாலின் பழம்பெரும் நட்சத்திரமான பேப் ரூத் தனியாகக் கையெழுத்திட்ட, மை மங்காத பந்து போன்றவை விதிவிலக்கு. அந்த உயரத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பெருந்தொகை வித்தியாசம் உண்டு.

ஆனால் எங்கள் தரப்பின் பெரிய அவமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1991இல் பிஎஸ்ஏ தொடங்கியபோது முதன்முதலாகக் கிரேடிங் செய்தது டி206 என்ற பழைய சிகரெட் அட்டை வரிசையில் வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் புகழ்பெற்ற அட்டை. அதற்கு 8 கொடுத்தார்கள். அந்த அட்டையைப் பிற்பாடு 2007இல் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக் 28 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதன் ஓரங்களைத் தான் வெட்டிச் சீராக்கியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு எந்த மதிப்பெண்ணும் கொடுக்கக் கூடாது என்பது விதி. முதல் அட்டையிலேயே சறுக்கியவர்கள் என்று பழம்பந்து அண்ணா என்னைக் கேலி செய்வதற்கு முன்பு நானே சொல்லிவிட்டேன்.

சாண்டியாகோக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் இரண்டு பந்துகளையும் மேசை விளக்கின் கீழ் அருகருகே வைத்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் மறுபக்கம் திருப்பிப் பார்த்ததில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

க்வின் பந்தில் ரோலிங்ஸ் என்ற பெயரும், அதிகாரபூர்வ மேஜர் லீக் பேஸ்பால் என்ற சொற்களும், ஆணையர் ஆலன் செலிக் என்பவரின் அச்சிட்ட கையெழுத்தும் இருக்கின்றன. டிமாஜியோ பந்தில் அந்த எழுத்துகள் சற்று மங்கியிருக்கின்றன. தோலும் பழுப்பேறியிருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன். அதிலும் அதே சொற்கள், அதே செலிக்கின் பெயர். இரண்டும் ஒரே மாதிரிப் பந்துகள். இதற்கு என்ன பொருள்?

பழம்பந்து (நியூ ஜெர்சி)

ஐயா, வருந்துகிறேன். அந்தப் பந்தை எங்கும் அனுப்ப வேண்டாம்.

மேஜர் லீக்கில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. 1999 வரை சாதாரண ஆட்டப் பந்துகள் இரண்டு வகையாக வந்தன. நேஷனல் லீக் பந்தில் அந்த லீக் தலைவரின் பெயரும் அமெரிக்கன் லீக் பந்தில் அந்த லீக் தலைவரின் பெயரும் அச்சாகியிருக்கும். கடைசியாக இருந்தவர்கள் நேஷனல் லீக்கில் லெனர்ட் கோல்மனும் அமெரிக்கன் லீக்கில் ஜீன் பியூடிகும். அந்த இரண்டு தலைவர் பதவிகளையும் எடுத்துவிட்டு, 2000ஆம் ஆண்டு ஆட்டங்களிலிருந்து இரண்டு லீக்குகளுக்கும் சேர்த்து, மேஜர் லீக் முழுவதற்கும் தலைவரான ஆணையர் செலிக்கின் பெயரோடு ஒரே பந்து வந்தது. ஜோ டிமாஜியோ 1999 மார்ச் 8ஆம் நாள் காலமானார். அவர் இறந்த பிறகு செய்த பந்தில் அவர் கையெழுத்திட்டிருக்க முடியாது.

கையெழுத்தை நான் பார்க்கவில்லை; பார்க்கவும் தேவையில்லை. அது அச்சு அசலாக அவர் எழுத்தைப் போலவே இருந்தாலும் பதில் இதுதான். நான் ஒரு பந்தைக் கையில் எடுத்ததும் முதலில் மறுபக்கம் திருப்புவதற்குக் காரணம் இதுவே. 1995இல் இறந்த நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மான்டில், 2000க்குப் பிந்தைய பந்தில் ‘கையெழுத்திட்டு’ இணையத்தில் விற்பனைக்கு வருவதை அவ்வப்போது பார்க்கிறேன். இன்னும் வயதான பந்துகளுக்கும் இதே முறைதான்: கோல்மனுக்கு முன்பு நேஷனல் லீக் தலைவராக இருந்த பில் வைட் பெயர் இருந்தால் 1989க்கு முன்பு அந்தப் பந்தில் எவரும் கையெழுத்திட்டிருக்க முடியாது, கோல்மன் பெயர் இருந்தால் 1994க்கு முன்பு முடியாது. முத்திரை சரியாக இருப்பதால் மட்டும் கையெழுத்து உண்மையாகிவிடாது. முத்திரை தவறினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தோல் பழுப்பேறியிருப்பதை நினைத்து ஏமாற வேண்டாம். நான் முன்பு சொன்ன அரக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? விளக்கடியில் அந்தப் பழுப்பு பந்து முழுதும் ஒரே சீராகவும் லேசான பளபளப்போடும் இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கையாக ஏறும் பழுப்பு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.

350 டாலர் போனது போனதுதான். அனுப்பியிருந்தால் அதற்கு மேல் இன்னொரு செலவும் சேர்ந்திருக்கும். உண்மையல்ல என்று எழுதித் தந்தாலும் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

குளிர்தேசம் (டொராண்டோ)

உண்மையல்ல என்று எழுதித் தருவது மட்டுமல்ல, உண்மையானதையும் அப்படிச் சொல்லிவிடுவார்கள் என்பதற்கு நானே சாட்சி.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஹாக்கி ஆட்டம் முடிந்து வாகன நிறுத்துமிடத்தில் ஓர் ஆட்டக்காரரிடம் பக் (ஐஸ் ஹாக்கியில் அடித்து ஆடும் ரப்பர் வட்டு) ஒன்றில் கையெழுத்து வாங்கினேன். கடுங்குளிர். அவர் ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் வெள்ளி மைப் பேனாவை வாங்கி, நடந்துகொண்டே கிறுக்கினார். முதல் எழுத்து மட்டும் முழுதாக விழுந்தது; மீதி ஒரு கோடு. பிற்பாடு வீடு மாறும் வேளையில் சிலவற்றை விற்க நினைத்து, அந்தப் பக்கைப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். உறுதிப்படுத்த இயலவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கட்டணம் போயிற்று. எனக்குக் கோபம் தணியாமல், ஓராண்டு கழித்து அதே பக்கை அதே நிறுவனத்துக்கே மீண்டும் அனுப்பினேன். இம்முறை எந்த மறுப்பும் இல்லாமல் சான்று வந்தது. பக் மாறவில்லை, கையெழுத்து மாறவில்லை. பார்த்த கண் மட்டும் மாறியிருக்க வேண்டும்.

நிதானமாகச் சிந்தித்தால் அவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. நிபுணர்கள் தங்களிடம் உள்ள பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த மாதிரிகளில் பெரும்பகுதி, மேசை போட்டு உட்கார்ந்து நிதானமாகப் போட்டவையாக இருக்கும். நடந்துகொண்டே, குளிரில், வேலிக்கு மேல் எட்டிப் போட்டது அவற்றோடு ஒத்துப்போகாது. போலி செய்பவனோ மேசையில் உட்கார்ந்து, அழகான மாதிரியைப் பார்த்து எழுதுகிறான். அவசரத்தில் விழுந்த உண்மையான கையெழுத்து சந்தேகத்துக்கு ஆளாவதும், அழகான போலி தப்பிப்பதும் இப்படித்தான். சாண்டியாகோ ஐயா க்வின் பந்தை அனுப்பினால் இந்த அபாயமும் உண்டு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பயிற்சி முகாம் வேலியோரக் கையெழுத்து அது.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை இணையம் வழியாக அனுப்பிக் குறைந்த கட்டணத்தில் கருத்துக் கேட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அது சான்றாகாது, ஆனால் முழுக் கட்டணம் கட்டலாமா என்று தெரிந்துகொள்ள உதவும்.

யாழ் மெல்பேண்

எல்லோருக்கும் வணக்கம். நான் பேஸ்பால் அறியாதவன். துடுப்பாட்டப் (கிரிக்கெட்) பொருட்களைச் சேர்ப்பவன். எங்கள் பக்கத்தில் இந்த மதிப்பெண் பழக்கம் பெரிதாக வேரூன்றவில்லை. ஒரு வீரரின் துடுப்பையோ தொப்பியையோ வாங்க வருபவர் முதலில் கேட்பது, இது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதைத்தான். 2020 ஜனவரியில் ஷேன் வோர்ன் தனது பச்சைத் தொப்பியைக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலத்தில் விட்டபோது, அது 10 லட்சத்து 7 ஆயிரத்து 500 அவுஸ்திரேலிய டொலருக்குப் போனது. வாங்கியது கொமன்வெல்த் வங்கி. அவரே தன் தொப்பியைக் கொடுத்தார் என்ற வரலாற்றுக்கு முன்னால் வேறெந்த மதிப்பீட்டுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு மாதிரியானது. முழு அணியும் கையெழுத்திட்ட துடுப்பு என்று நம்பி வாங்கிய பலர், அவை அச்சிட்ட கையெழுத்துகள் என்று பின்னர் அறிந்து ஏமாந்திருக்கிறார்கள். துடுப்பைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனாவால் எழுதினால் ஒரு கோடு இன்னொரு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை கூடுதலாக அடர்ந்திருக்கும். பதினொரு பேர் எழுதினால் பதினொரு விதமான அழுத்தம் இருக்கும். அச்சில் எல்லாம் ஒரே தடிப்பாக, ஒரே நிறமாக இருக்கும். பழைய அணிகளின் கூட்டுக் கையெழுத்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: உடைமாற்று அறையில் உதவிக்கு நின்றவர்களே நட்சத்திர வீரர்களுக்காகக் கையெழுத்திட்டுக் கொடுப்பது எல்லா விளையாட்டுகளிலும் நடந்திருக்கிறது. பந்தும் பழையது, மையும் பழையது, கை மட்டும் வேறு.

சாண்டியாகோ அண்ணை, உங்கள் க்வின் பந்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது காசு செலவில்லாத வேலை. அந்தப் பயணத்தை உங்கள் கைப்பட எழுதுங்கள். எந்த நாள், எந்த மைதானம், கூட யார் வந்தார், என்ன பேனா, பந்தை எங்கே வாங்கினீர்கள் என்று எழுதித் திகதி போட்டுக் கையொப்பமிடுங்கள். உங்களோடு வந்த நண்பர் இப்போதும் தொடர்பில் இருந்தால் அவரையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஏல நிறுவனங்கள் இப்படிப்பட்ட கடிதத்தை மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு உங்கள் பிள்ளைகள் விற்க நினைத்தால், அன்றைய விலையைப் பார்த்து அவர்களே சான்று வாங்கிக்கொள்ளட்டும். இன்று வாங்கும் சான்றை, பத்து வருடம் கழித்து வாங்குபவர் பழையது என்று சொல்லிப் புதிதாகக் கேட்கவும் கூடும்.

சாண்டியாகோக்காரன்

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு டிமாஜியோ பந்தை மறுபடி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பழம்பந்து ஐயா சொன்னதுபோலவே பழுப்பு ஒரே சீராக, தையலின் இடுக்கு வரை போயிருக்கிறது. நகத்தால் ஓரிடத்தில் மெல்லச் சுரண்டியபோது செதில்போல ஏதோ உதிர்ந்தது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அதற்குப் பிறகு கிரேடிங் பற்றிப் பேசவில்லை.

க்வின் பந்தை எங்கும் அனுப்பப்போவதில்லை. அது இத்தனை நாளும் மேற்குப் பார்த்த சன்னல் பக்கம் இருந்தது. அட்டைப்பெட்டி அவர்கள் எழுதியதைப் படித்தவுடன் எடுத்து உள்ளறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். கடைசி எழுத்து முன்பைவிட வெளிறியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, மனப்பிரமையாகவும் இருக்கலாம். என்னோடு பியோரியா வந்த நண்பர் இப்போது ஹூஸ்டனில் இருக்கிறார். வார இறுதியில் அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லப்போகிறேன்.

ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. அந்த டிமாஜியோ பந்தை என்ன செய்வது? போலி என்று தெரிந்து எவரிடமும் விற்க மனம் வரவில்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுத்து விற்றுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பழம்பந்து (நியூ ஜெர்சி)

அந்தப் பயம் நியாயமானது. என்னிடமும் அப்படி மூன்று பந்துகள் இருந்தன. கறுப்பு மார்க்கரால் கையெழுத்தின் குறுக்கே ‘போலி’ என்று பெரிதாக எழுதி, என் தங்கை மகனிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன். மார்க்கர் மை தோலுக்குள் ஊறிப் பரவும். அதை முழுதாக அழிப்பது கடினம். பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம், அதைத் துடைத்து எடுக்க வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனுடன் வந்த சான்றிதழையும் கிழித்துவிடுங்கள். இல்லையென்றால் அது வேறொரு பந்தோடு ஒட்டிக்கொண்டு மறுபடியும் சந்தைக்கு வந்துவிடும்.